யார் முதல்ல எழுந்தாங்க

கையைத்தானே பாக்குறீங்க? பாருங்கம்மா, தப்பில்லை. ஒட்டிக்கிற வியாதி இல்லை, பயப்பட வேண்டாம். பதினாலு வயசுல முழங்கையில ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்துச்சு. இப்ப மணிக்கட்டு வரைக்கும் இறங்கிருச்சு, உதட்டோரத்துலயும் இருக்கு. வெண்புள்ளி. ஊர்ல வேற பேர் சொல்லுவாங்க, அந்தப் பேரை நான் வாயால சொல்றதில்லை. வலிக்காது, அரிக்காது. வெயில் பட்டா எரியும், அவ்வளவுதான். ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கங்க, எனக்கு உள்பக்கம்தான் வசதி.

திருச்சிக்குத்தானே? நானும் அங்கதான். உறையூர்ல என் தங்கச்சி செண்பகவல்லி வீடு. கொஞ்ச நாளா சனிக்கிழமை ஆனா இந்த பஸ்ஸுதான். ஆசைப்பட்டுப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. எழுதப் போய் வந்த வினை இது. என்னத்தை எழுதினேன்னு கேக்குறீங்களா? என் கதையைத்தான். சொல்றேன், கீரனூரே இன்னும் வரலை.

என் பேர் மங்கையர்க்கரசி. முப்பத்தேழு வருஷம் கோர்ட்டுல டைப்பிஸ்ட். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன். கல்யாணம் ஆகலை. ரிட்டையர் ஆனப்புறம் வீட்டுல ஒண்டியா இருந்தேனா, ராத்திரி தூக்கம் போயிருச்சு, புள்ளியும் வேகமாப் பரவ ஆரம்பிச்சிருச்சு. தோல் டாக்டரம்மா சொன்னாங்க, மனசுல எதையோ வச்சு அழுத்துறீங்க, யார்கிட்டயாவது பேசுங்கன்னு. யார்கிட்டப் பேசறது? சரி, பேச ஆள் இல்லைன்னா எழுதுங்க, நூலகத்துல புதன்கிழமை காலையில ஒரு வகுப்பு நடக்குது, அவங்கவங்க வாழ்க்கையை எழுதறாங்க, போய்ப் பாருங்கன்னாங்க. எழுதினா பாரம் குறையுமாம். தன்னைத்தானே ஏத்துக்க வருமாம். நான் எதுக்கு என்னை ஏத்துக்கணும், நான் என்ன கோர்ட்டுக்கு வந்த மனுவா? இருந்தாலும் போனேன். நூலகத்துல ஃபேன் நல்லா ஓடும், அதுக்காகத்தான் போனேன்.

அதை நடத்துறது மெர்லின்னு ஒருத்தி. நூலகத்துலயே வேலை, நாப்பது வயசு இருக்கும். சத்தமே வராது அவ பேசினா. ஆனா கேப்பா பாருங்க ஒரு கேள்வி. முப்பத்தேழு வருஷத்துல எத்தனையோ வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணி நான் டைப் அடிச்சிருக்கேன். அவங்க எல்லாம் இவகிட்டப் பாடம் படிக்கணும்.

முதல் நாள், உங்க வாழ்க்கையை மாத்தின ஒரு நாளை எழுதுங்கன்னா. எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மூணே வரி. 'தொண்ணூறாம் வருஷம் தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என் தங்கை காரியத்தைக் கெடுத்தாள். அதன் பிறகு எனக்குத் திருமணம் நடக்கவில்லை.' எழுதி நீட்டினேன். வேற என்ன எழுத இருக்கு? அதுதானே நடந்துச்சு.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. அப்பா இல்லை. அம்மா வச்சதுதான் வீட்டுல சட்டம். மாப்பிள்ளை அறந்தாங்கிப் பக்கம், ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார், பேர் தியாகேசன். புள்ளி விஷயத்தைத் தரகர்கிட்ட அம்மா சொல்லலை. முழுக்கை ஜாக்கெட் தைச்சுப் போட்டு, உதட்டோரத்துல பவுடரை அப்பி, கூடத்துல இருட்டு மூலையாப் பாத்து உக்கார வச்சிருந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, 'இப்படி வெளிச்சத்துல வந்து உக்காரும்மா'ன்னு ஜன்னல் பக்கம் கையைக் காட்டுனாங்க. காப்பித் தட்டோட நின்ன செண்பகம், அவளுக்குப் பத்தொம்பது வயசு, பட்டுன்னு சொல்றா: 'ஐயோ, அக்காவை வெயில்ல உக்கார வைக்காதீங்க, புள்ளி எரியும்.'

முடிஞ்சுது. என்ன புள்ளின்னாங்க. எழுந்தாங்க. போனாங்க.

இதுக்கு அவளை நான் ஒரு வார்த்தை திட்டினது கிடையாது. சத்தியமா. பேசினாத்தானே திட்டுறதுக்கு? தேவைக்கு ரெண்டு வார்த்தை பேசுவேன். தண்ணி வந்திருச்சா, கதவைச் சாத்து, அந்த மாதிரி. அதுக்கப்புறம் பதினோரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம், நானும் அவளும் அம்மாவும். அம்மா போனப்புறம் அவளுக்கு முப்பத்தொரு வயசுல கல்யாணம் ஆச்சு, நான்தான் முன்னாடி நின்னு எல்லாம் செஞ்சேன். என்ன குறை வச்சேன்? அவ வீட்டுக்கு மட்டும் போனதில்லை. அவ பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் மஞ்சளும் தூக்கிக்கிட்டு வருவா. வாசல்ல வச்சுட்டுப் போன்னுவேன்.

சரி, எங்க விட்டேன்? மெர்லின். என் மூணு வரியைப் படிச்சா. நல்லா இருக்குன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. 'மேடம், எழுந்து போனாங்கன்னு சொல்றீங்க. யார் முதல்ல எழுந்தாங்க?'

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வீடு எரிஞ்சுபோச்சுன்னு ஒருத்தி அழுதா, முதல்ல எந்தத் தூண் எரிஞ்சுதுன்னா கேப்பாங்க? யார் எழுந்தா என்னம்மா, எல்லாரும்தான் எழுந்தாங்கன்னேன். 'பரவால்லை, ஞாபகம் வந்தா எழுதுங்க'ன்னுட்டு அடுத்த ஆள்கிட்டப் போயிட்டா.

ரெண்டு புதன்கிழமை நான் போகலை. ஆனா அந்தக் கேள்வி போகமாட்டேங்குது. அரிசி களையும்போது வருது, பல்லு விளக்கும்போது வருது. யார் முதல்ல எழுந்தாங்க? சனியனை எழுதித் தொலைச்சிருவோம்னு உக்காந்தேன். முதல்ல எழுந்தது மாப்பிள்ளையோட அம்மா. அப்புறம் அவரோட அத்தை. அப்புறம் கூட வந்த மாமா, அவர் பஜ்ஜியைக் கையில எடுத்துக்கிட்டே எழுந்தார். அப்புறம்னு எழுதிட்டுப் பேனா நின்னுபோச்சு.

அவர் எழுந்திருக்கலை.

தியாகேசன் அப்படியே உக்காந்திருந்தார். அவங்கம்மா வாசப்படிகிட்டப் போய் செருப்பைத் தேடுறாங்க, இவர் நாற்காலியிலதான் இருக்கார். காப்பி டம்ளரைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்துக் கேட்டார், 'வெயில் பட்டா ரொம்ப எரியுமா?' அவ்வளவுதான் கேட்டார். நான் அப்பவே எழுந்துட்டேன். உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்.

நியாயமாப் பாத்தா, எழுந்தவங்க கணக்குல நானும் இருக்கேன். இதை நான் எழுதி முடிச்சிட்டுத்தான் பாக்குறேன்.

மறுபடி வகுப்புக்குப் போனேன். மெர்லின் படிச்சிட்டு, 'அதுக்கப்புறம் அவரை நீங்க பாக்கவே இல்லையா?'ன்னா. இல்லைன்னு சொன்னேன். டக்குன்னு சொன்னேன், யோசிக்கவே இல்லை. அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அப்படிப் பாக்குறது ஒரு பழக்கமாம்மா? எனக்குப் பிடிக்கவே இல்லை.

பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன்.

மறந்துபோச்சுன்னுதான் முதல்ல எழுதினேன். அப்புறம் அதை அடிச்சிட்டேன். மறக்கலைம்மா. யாரும் கேக்கலை, நான் சொல்லலை.

பெண் பாத்துட்டுப் போன பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோர்ட் வளாகத்துல வேப்பமரத்தடியில வந்து நிக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுட்டு வந்திருக்கார். கையில குடை. 'எங்க வீட்டுல நடந்துக்கிட்டது தப்பு. உங்களுக்குச் சம்மதம்னா சொல்லுங்க, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்'னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இரக்கப்பட்டு ஒருத்தர் எனக்குத் தாலி கட்ட வேண்டாம்'னேன். அப்ப எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு, நறுக்குன்னு சொல்லிட்டோம்னு.

'இரக்கம்னு யார் சொன்னா?'ன்னு கேட்டார். கோபமாக் கேக்கலை. நிஜமாவே தெரிஞ்சுக்கிற மாதிரி கேட்டார். நான் திரும்பிப் பாக்காம உள்ள வந்துட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அன்னிக்கு ஆபீஸ் உதவியாளர்கிட்ட நான் லீவுன்னு சொல்லச் சொல்லிட்டு, ரெக்கார்டு ரூம்ல போய் உக்காந்துக்கிட்டேன். பழைய கேஸ் கட்டு அடுக்கின அலமாரி, நடுவுல ஒரு இடுக்கு. அது வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு மணி வரைக்கும் நின்னார். அப்புறம் போயிட்டார். அடுத்த வருஷம் அவருக்கு வேற இடத்துல கல்யாணம்னு கேள்விப்பட்டேன்.

ஏன் வேண்டாம்னேன்னு அந்த வகுப்புல ஒரு அம்மா கேட்டாங்க. ஏன்னு எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. எத்தனை பக்கம் கிழிச்சிருப்பேன். கௌரவம்னு எழுதினேன், கிழிச்சேன். அவங்கம்மா மேல கோபம்னு எழுதினேன், அதையும் கிழிச்சேன். கடைசியில வந்தது ரெண்டு வரிதான். பொம்பளைங்க நாம, அதனால சொல்றேன். கல்யாணம்னு ஆயிட்டா முழுக்கை ஜாக்கெட்டோட எத்தனை நாள் படுக்க முடியும்? என் உடம்பை நானே வெளிச்சத்துல பாத்தது கிடையாதும்மா. விளக்கை அணைச்சிட்டுத்தான் புடவை மாத்துவேன். இதை இன்னொருத்தர் பாக்கணுமான்னு பயம். அவர் ஓடிப்போயிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஓடாம நின்னாரே, அதைத்தான் தாங்க முடியலை.

வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா அம்மா என்னைக் கொன்னிருப்பாங்க. பழி செண்பகம் மேல கிடந்துச்சு. கிடக்கட்டும்னு விட்டுட்டேன். முதல்ல ஒரு வாரம் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் சொல்ல வேளை வரலை. அப்புறம் எனக்கே அவதான் கெடுத்தான்னு ஆயிருச்சு. முப்பத்தஞ்சு வருஷம்.

எல்லாத்தையும் எழுதி முடிச்சப்புறம், நூலகத்துல ஒரு நாள் எல்லாரும் எழுதினதை வாசிக்கணும்னு வச்சாங்க. நாப்பது பேர் இருப்பாங்க. வாசிச்சேன். அழுதாங்க, கைதட்டினாங்க, ஒரு பொண்ணு வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. 'இப்ப உங்களுக்கு லேசா இருக்குமே'ங்கிறா. லேசாவா? எனக்கு எரிஞ்சுது. என்கிட்ட இருந்தது செண்பகம் மேல ஒரே ஒரு குறைதான். நல்ல குறை, அதைச் சொன்னா யாரும் மறுபேச்சுப் பேசமாட்டாங்க. அதை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் எழுந்தேன், சமைச்சேன், ஆபீஸ் போனேன். அதையும் பிடுங்கிட்டு, லேசா இருக்கான்னு கேட்டா? இனிமே நான் யாரை நோகறது? ஆனா அன்னிக்கு ராத்திரி தூங்கினேன். அதை மறைக்கக் கூடாதுல்ல. டாக்டரம்மாகிட்டச் சொல்லலை, சொன்னா ரொம்பப் பீத்திக்குவாங்க.

இந்த அரைக்கை ஜாக்கெட்டும் அதுக்கப்புறம் தைச்சதுதான். வேற ஒண்ணும் இல்லை, சித்திரை வெக்கை தாங்கலை. தையல்காரர், 'மேடம் அளவு தப்பாச் சொல்றீங்களா'ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

சரி, எழுதினது எழுதினோம், சம்பந்தப்பட்டவகிட்டக் காட்டணும்ல? நோட்டை எடுத்துக்கிட்டு உறையூர் போனேன். முதல் தடவையா அவ வீட்டுப் படி ஏறுறேன். வழி கேட்டுக் கேட்டுத்தான் போனேன். கதவைத் திறந்தவ, யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டா. நான் நோட்டை நீட்டினேன். அடுப்படியில நின்னுக்கிட்டே படிச்சா. கண்ணாடி இல்லாம, எட்டத்துல பிடிச்சுக்கிட்டுப் படிச்சா. ஒரு இடத்துல நிறுத்தி முன்பக்கம் திருப்பி மறுபடி படிச்சா.

அழுவா, கட்டிப்பான்னு நினைச்சேன். நூலகத்துல அப்படித்தானே ஆச்சு? இவ நோட்டை மூடினா. 'அம்மா என்னைக் கரண்டியால அடிச்சது இதுல இல்லையே'ன்னா.

எனக்குத் தெரியாதேன்னேன்.

'ஆறு மாசம் எனக்குப் பந்தியில சோறு கிடையாது. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டப்புறம்தான் எனக்கு. மூத்தவ வாழ்க்கையைக் கெடுத்தவளுக்குக் கல்யாணம் ஒரு கேடான்னு வந்த வரனை எல்லாம் அம்மா திருப்பி அனுப்புனாங்க. அஞ்சு வரன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருக்கும். வெள்ளிக்கிழமை வந்தார், நான்தான் வேண்டாம்னேன்னு ஒரு வார்த்தை.' அப்புறம், 'நீ கிளம்பு அக்கா. எனக்கு இப்ப உன் முகத்தைப் பாக்க முடியலை'ன்னா.

கிளம்பினேன். தண்ணி கூடக் குடிக்கலை. பஸ்ல வரும்போது எனக்கு யார் மேல கோபம்னு தெரியலை. மெர்லின் மேலன்னு வச்சுக்கிட்டேன். மூடிக் கிடந்ததைக் கிளறிவிட்டது அவதானே?

பத்து நாள் கழிச்சு செண்பகம் போன் பண்ணினா. 'சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கிட்டு வா. நான் சொல்லச் சொல்ல நீ எழுது.' கேக்கலை, உத்தரவு போட்டா. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா போனேன். அவ கொத்துமல்லி ஆய்ஞ்சுக்கிட்டே சொல்லுவா, நான் எழுதுவேன். மூணு சனிக்கிழமை. அவ சொன்னதுல பாதிக்கு மேல நான் கெட்டவ. 'இப்படி எல்லாமா நான் பேசினேன்'னு கேட்டா, 'பேசலை, அதுதான் பிரச்சனை, எழுது'ம்பா. எழுதினேன். கை வலி வேற.

போன சனிக்கிழமை நடந்ததைத்தான் உங்ககிட்டச் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவும். மாத்தூர் வந்திருச்சா? இருக்கு, இருக்கு, நேரம் இருக்கு.

எல்லாம் எழுதி முடிஞ்சுதுன்னு நான் பேனாவை மூடிட்டேன். அவ, இன்னும் ஒண்ணு இருக்குன்னா. எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தா.

'அன்னிக்கு நான் தெரியாம உளறலை அக்கா. தெரிஞ்சேதான் சொன்னேன்.'

எனக்குப் புரியலை. என்னத்தைன்னேன்.

'புள்ளி எரியும்னு சொன்னது. அதைச் சொன்னா அவங்க போயிருவாங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். நீ கல்யாணமாகிப் போயிட்டா, நான் அம்மாகிட்டத் தனியா மாட்டிக்குவேன். எனக்குப் பயமா இருந்துச்சு.'

பாத்தீங்களா அநியாயத்தை? தப்பு என்னோடதுன்னு நாப்பது பேர் முன்னாடி வாசிச்சுட்டு வந்திருக்கேன். கைதட்டு வேற வாங்கியிருக்கேன். இப்ப வந்து இவ சொல்றா, அக்கா, நீ முதல்ல எழுதின மூணு வரி சரிதான்னு. அவதான் கெடுத்திருக்கா. வேணும்னே கெடுத்திருக்கா. நான் இத்தனை வருஷம் நினைச்சது நியாயம்தான்.

அப்ப எனக்குக் கோபம் வரணும்ல? நியாயமா வரணும். நானும் உக்காந்து பாத்தேன், வரும் வரும்னு. வரமாட்டேங்குதும்மா. அதுதான் எனக்கு இப்ப பெரிய எரிச்சலா இருக்கு. எப்பக் கூப்பிட்டாலும் வந்து நிக்கும், முப்பத்தஞ்சு வருஷமா. இப்ப உரிமையோட கூப்பிடுறேன், வரலை. அந்த இடத்துல பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒருத்தி தட்டை வச்சுக்கிட்டு பயந்துபோய் நிக்கிறா, அதுதான் தெரியுது. நானும்தானே பயந்தேன்? அவ, நான் தனியா விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்தா, நான் யாராவது பக்கத்துல வந்துருவாங்களோன்னு பயந்தேன். ஒரே அறையில பக்கத்துல பக்கத்துல பாய் போட்டுப் படுத்தவங்க நாங்க.

'இதையும் எழுதட்டுமா'ன்னு கேட்டேன். 'உன் இஷ்டம்'னா. எழுதலை. ரெண்டு பேரும் சாப்பிட்டோம். புளிக்குழம்பு வச்சிருந்தா, உப்பு தூக்கல். சொன்னேன். நல்லாத்தான் இருக்குன்னு சண்டைக்கு வந்தா.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா. அடுத்த சனிக்கிழமை வருவியான்னா. எழுத வேண்டியதெல்லாம் எழுதியாச்சே, இன்னும் என்ன இருக்குன்னேன். 'எழுத ஒண்ணும் இல்லை. சும்மா வா'ன்னா.

அதான் போறேன். இன்னிக்கு நோட்டை எடுத்துக்கிட்டு வரலை. காலையிலேர்ந்து அதே யோசனையா இருக்கு. நோட்டு இருந்தா அவ சொல்லுவா, நான் எழுதுவேன், நேரம் போயிரும். சும்மா போய் உக்காந்து என்ன பேசுறது? எனக்குப் பழக்கமே இல்லையேம்மா. உங்களுக்குத் தங்கச்சி இருக்கா? பாத்தா நீங்க என்ன பேசிக்குவீங்க?